யானைக்குட்டியை மறைத்து வைத்த மத்தியானம்

ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். பம்பாயில் இரண்டு வருஷம், மங்களூரில் ஓட்டுக் கம்பெனியில் எட்டு மாதம், பிறகு கொச்சி. மட்டாஞ்சேரியில் மிளகு மூட்டை தூக்கினேன். எண்பதுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில் சரக்கு வரத்து குறைந்துபோய், வாரத்தில் நான்கு நாள் சும்மா இருக்க வேண்டியதாயிற்று. பக்கத்துத் தெரு மியூசியத்தில் பெட்டி தூக்க ஆள் வேண்டும் என்றார்கள். போனேன்.

மியூசியம் என்ற பெயரே தவிர அதுவும் பழைய கிடங்குதான். வெள்ளையடித்து விளக்குப் போட்டிருந்தார்கள். அங்கே நடக்கவிருந்தது ஒரு பழைய கார்ட்டூன் படத்தைப் பற்றிய கண்காட்சி. யானைக்குட்டி ஒன்று ஆற்றைக் கடந்து தாயிடம் போகிற கதை. நான் பிறப்பதற்கு முன்பே வந்த படம், முழுக்கக் கையால் வரைந்தது. வரைந்த தாள்கள் மரப்பெட்டிகளில் பம்பாயிலிருந்து வந்திருந்தன. அவற்றோடு ஓர் அம்மாவும் வந்திருந்தார். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பெண், பம்பாயில் வேலை. ஒவ்வொரு தாளுக்கும் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தவர் அவர். "ஒண்ணு காணாமப் போனாலும் என் வேலை போயிடும், கேட்டேளா?" என்று முதல் நாளே எங்களிடம் சொல்லிவிட்டார்.

எங்களை மேய்த்தவர் அங்கே காவல் வேலை பார்த்த மலையாளி. எல்லோருக்கும் அவர் சேட்டன். வழி கேட்கவும் கூலி கேட்கவும் வந்துவிட்டதால் எனக்கு மலையாளம் தெரியும் என்று நானே முடிவு கட்டியிருந்தேன்.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் மத்தியானம் மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. சுவரில் மாட்டுவதற்காக நாற்பது தாள்களை வரிசையாக மேஜையில் பரப்பியிருந்தோம். அம்மா சாப்பிடப் போயிருந்தார். ஜன்னல் வழியாக வெயில் நேராகத் தாள்களின்மேல் விழுந்தது. தமிழன் என்பதால் என்னைப் பாண்டி என்றே கூப்பிடும் சேட்டன் வாசலிலிருந்து கத்தினார்.

"எடா பாண்டி! வெயிலடிச்சா நிறம் போகும். எல்லாம் மறிச்சு வெக்கு!"

மறைச்சு வைக்கச் சொல்கிறார் என்றுதான் என் காதில் விழுந்தது. வெயில் படாமல் மறைக்கத்தான் வேண்டும், சரி. தாள்களை வரிசை கலையாமல் அடுக்கினேன். மேலும் கீழும் அட்டை கொடுத்து, தார்ப்பாய்த் துண்டில் சுற்றி, பின்கட்டு அறைப் பரண்மேல் கிடந்த தகரப் பெட்டிக்குள் வைத்தேன். மறைப்பது என்று ஆனபிறகு அரைகுறையாக மறைக்கக் கூடாது. பெட்டியின்மேல் காலிச் சாக்குகளையும் தூக்கிப் போட்டேன்.

பிறகு ஒருவரிடமும் சொல்லாமல் படகேறி எர்ணாகுளம் போய்விட்டேன். தேவரா பக்கம் ஒரு பட்டறையில் ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். ஓரிடத்தில் வேலை கிடைத்த உடனே அடுத்த இடத்தைத் தேடுவது என் குணம். அங்கே போனால் ஆள் வேண்டாம் என்று விரட்டினார்கள். திரும்பும் வழியில், படகிலேயே மழை பிடித்துக்கொண்டது.

மியூசியத்துக்குள் நுழைந்தபோது எல்லாப் பெட்டிகளும் திறந்து கிடந்தன. அம்மா பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். சேட்டன் பாய்ந்து வந்து என் சட்டையைப் பிடித்தார்.

"படங்ஙள் எடுத்தது நீயாணோ?"

"ஆமா, நான்தான்."

"கண்டோ, கள்ளன் சம்மதிச்சு!" என்றான் கூட வேலை செய்தவன். "யானைப் படம் கொண்டுபோயி எந்து செய்யானாடா? சோறு கொடுத்து வளர்க்கவோ?"

"நீங்கதானே சேட்டா மறைச்சு வைக்கச் சொன்னீங்க? மறைச்சு வெச்சிருக்கேன்."

"ஞானோ? எடா, மறிச்சு! மறிச்சு வெக்கான்!" சேட்டன் உள்ளங்கையை மல்லாத்தி, பிறகு கவிழ்த்துக் காட்டினார்.

எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. இரண்டு பாஷையையும் வீட்டிலேயே கேட்டு வளர்ந்த அம்மாவுக்குத்தான் முதலில் விளங்கியது.

"ஈசுவரா! மறிச்சுன்னா திருப்பிக் கவுத்தி வைக்கறது. இவன் ஒளிச்சுன்னா வெச்சிருக்கான்! எங்கேடா வெச்சாய்?"

"பின்கட்டுப் பரண்ல."

சேட்டனின் கை என் சட்டையிலிருந்து நழுவியது. "அவிடெ சோருமெடா!"

கூரை ஒழுகும் என்கிறார். இந்த மலையாள வார்த்தை மட்டும் எனக்குச் சந்தேகமில்லாமல் தெரியும். நான் வாடகைக்குப் படுத்திருந்த இடமும் அப்படித்தான்.

எல்லோரும் ஓடினோம். பரண்மேல் சாக்குகள் தண்ணீரில் ஊறிக் கனத்துப் போயிருந்தன. அவற்றைத் தள்ளிவிட்டுப் பெட்டியை இறக்கினேன். மூடியின் பள்ளத்தில் தண்ணீர் தேங்கி நின்றது. மூடியைச் சாய்க்காமல் நேராகத் தூக்குமாறு அம்மா சொன்னார். தூக்கினேன். அம்மா புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு தார்ப்பாயைப் பிரித்தார். மேல் அட்டையைத் தொட்டார். முதல் தாளைத் தொட்டார்.

"ஈரம் இல்லை" என்றார் மெதுவாக.

"எண்ணி நோக்கு" என்றார் சேட்டன்.

"எண்ண வேண்டாம்."

அடுக்கின் ஒரு விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு விளிம்பைக் கட்டைவிரலிலிருந்து ஒவ்வொன்றாக நழுவவிட்டார். அதுவரை அந்த நாற்பது தாளும் எனக்கு ஒரே படமாகத்தான் தெரிந்தன. வேறு வேலையில்லாமல் யாரோ ஒரே யானையைத் திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறான் என்று நினைத்திருந்தேன். இப்போது அவர் விரலடியில் குட்டி காலைத் தூக்கியது. தண்ணீரைத் தொட்டது. கூசிப் பின்வாங்கியது. பிறகு துணிந்து காலை உள்ளே வைத்தது.

"ஒரு தாள் குறைஞ்சிருந்தா குட்டி நடுவில துள்ளியிருக்கும். துள்ளித்தோ?"

"துள்ளலைம்மா."

"துள்ளலை" என்று அவரும் சொன்னார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

சேட்டன் ஈரச் சாக்கின்மேலேயே உட்கார்ந்துவிட்டார். "இனி இவனோட வாய்ப்பேச்சு வேண்டா. கை காட்டி மாத்ரம் பறயாம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்துக் கடைக்கு ஆளனுப்பி எல்லோருக்கும் சாயாவும் பழம்பொரியும் வரவழைத்தார். என்னைக் கள்ளன் என்றவன்தான் எனக்கு முதல் கிளாஸை நீட்டினான்.

"சாயாவைத் தூக்கிண்டு யாரும் இந்தப் பக்கம் வரப்படாது!" என்று உள்ளேயிருந்து அம்மா கத்தினார்.

இதில் எனக்குப் புரியாத வார்த்தை எதுவும் இல்லை. வாசலில் மழைச்சாரலில் நின்று குடித்தோம். காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது இரண்டாவது பழம்பொரியைக் கடித்தபோதுதான் நினைவுக்கு வந்தது.