குறை எனக்குத்தான் என்றேன்

பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவன் நான். இனப்பெருக்கப் பாடம் வந்தால் மட்டும், "வீட்டுல படிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குத் தாவிவிடுவேன்.

கல்யாணமாகி இரண்டு வருடம் குழந்தை இல்லை. காரைக்குடியில் இதற்கு ஒரே வழிதான்: மருமகளைச் சோதிப்பது. என் மனைவிக்கு ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று மருந்து செலுத்திப் படம் எடுத்தார்கள். வீடு வரும்வரை காரில் சுருண்டு படுத்திருந்தாள். எல்லாம் சரியாகவே இருந்தது. அதனால் மாதா கோயிலுக்கு ஒன்பது வாரம் நவநாள் செபத்துக்கு அனுப்பினார்கள். கல்லலில் இருக்கும் என் அத்தை, அப்பாவின் அக்கா, எதற்கும் இருக்கட்டும் என்று பிள்ளையார்பட்டியிலும் ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வந்தார்.

"ஆம்பளைக்கு என்னய்யா டெஸ்டு? மீசையப் பாத்தாத் தெரியாதா?" என்பது அத்தையின் கட்சி. அறிவியல் ஆசிரியனான நானும் கண்ணாடியில் மீசையைப் பார்த்துச் சமாதானம் அடைந்தேன்.

கடைசியில் மனைவிதான் வெடித்தாள். "இனிமே நான் எந்த டாக்டர்கிட்டயும் வரமாட்டேன். மொதல்ல நீங்க போயிட்டு வாங்க."

உள்ளூர் லேபில் யாராவது பார்த்துவிட்டால் மானம் போய்விடும் என்று மதுரைக்கு பஸ் ஏறினேன். ஒரு டப்பாவைக் கையில் கொடுத்து அறையைக் காட்டினார்கள். அங்கே நான் பட்ட பாட்டை எழுதினால் வேலை போய்விடும்.

விந்தணு குறைவு. விதைப்பையில் ரத்தக்குழாய் வீங்கியிருக்கிறது, நிறைய இளைஞர்களுக்கு இருப்பதுதான், சின்ன ஆபரேஷனில் பலருக்குச் சரியாகிவிடும் என்றார் டாக்டர். "உங்க மிஸஸோட சேர்ந்தே நீங்களும் வந்திருக்கணும் சார்" என்றும் சொன்னார். அவளை இத்தனை நாள் படுத்தியதை நினைத்து வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் வீடு திரும்பியபோது அத்தை வந்திருந்தார். என் அப்பாவிடமும் அம்மாவிடமும், "கொஞ்ச நாளைக்கு இவளை இவ அம்மா வீட்டுல விட்டு வைங்க" என்று ஆரம்பித்தார். மனைவி காபி டம்ளரோடு அப்படியே நின்றாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"அத்தை, குறை எனக்குத்தான். டெஸ்ட் எடுத்தாச்சு, நீங்களே பாருங்க" என்று ரிப்போர்ட்டை நீட்டினேன்.

அத்தை அதை வாங்கவே இல்லை. கண் கலங்கி என் கன்னத்தைத் தடவினார். "பாத்தீகளா எம் மருமகனை! பொண்டாட்டிய விட்டுக்குடுக்காம பழியத் தன் தலையில போட்டுக்கிறான்."

பிறகு என் மனைவி பக்கம் திரும்பினார். "இப்பேர்ப்பட்ட புருசனுக்கு ஒரு பிள்ளையப் பெத்துக்குடுக்க வேணாமாத்தா?"