அந்தருக்கும் அந்தரத்துக்கும் நடுவே

குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் ஒரு வீட்டின் மாடிதான் எங்கள் அலுவலகம். வெளிநாட்டு மருத்துவமனைகளுக்கு நர்ஸ் வேலைக்குப் போகும் தமிழ்ப் பெண்களுக்காக ஆங்கிலப் பேச்சுப் பாடங்களை ஒலிப்பதிவு செய்து விற்றுக்கொண்டிருந்தோம். நான் அங்கே டைப் அடிக்கச் சேர்ந்தவள். பாடம் சொல்லும் டீச்சர் சிங்கப்பூரில் இருந்தார். அவர் இன்டர்நெட் அழைப்பில் பேசுவார். கம்ப்யூட்டர் ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு மைக்கை நிறுத்தி அதைப் பதிவு செய்வோம். கீழ் வீட்டுக் குக்கர் விசிலும் எங்கள் மின்விசிறியின் முனகலும் சேர்ந்தே பதிவாகும். நோயாளியிடம் மெதுவாகப் பேச வேண்டும் என்று டீச்சர் சொல்லிக்கொண்டிருக்கும்போது பின்னால் ஒருவர் தெலுங்கில் தக்காளி விற்றுக்கொண்டு போவார்.

இதற்கு ஒரு வழி செய்ய நினைத்து சார் ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கினார். மைக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே உட்காரும் சின்னப் பெட்டி. சார் எங்கள் முதலாளி; பழைய நகரத்தில் வளர்ந்த தெலுங்குக்காரர். தெலுங்கு, தக்கனி என்கிற இந்த ஊர் உருது, அரைகுறைத் தமிழ் மூன்றும் அவருடைய ஒரே வாக்கியத்துக்குள் வந்துபோகும். பெட்டி வந்த வாரமே, அதை இயக்க வேண்டிய ஒலிப்பதிவாளர் ஹைடெக் சிட்டியில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அவருடைய நாற்காலி காலியானது. நெடிய மனிதருக்காக உயர்த்தி வைத்த சுழல் நாற்காலி. எனக்கு அது வேண்டும் என்று தோன்றியது. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சாரிடம் சொன்னேன். டைப் அடிக்கிற பெண்ணா என்று அவர் கேட்கவில்லை. ஆனால் அவர் பார்த்த பார்வை அதைத்தான் கேட்டது.

பெட்டியோடு வந்த கையேட்டை வீட்டுக்கு எடுத்துப் போனேன். எங்கள் வீட்டில் எழுத்து இருக்கிற எதுவும் என்னிடம்தான் வரும். அப்பா ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் மூட்டை ஏற்றினார்; அம்மா அங்கேயே பாட்டில் கழுவினார். இருவரும் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்தது என்னைச் சேர்க்கத்தான். கரண்ட் பில், மாத்திரை அட்டை, பஸ்ஸின் நெற்றியில் இருக்கும் பெயர், எல்லாவற்றையும் நான் படித்துச் சொல்ல வேண்டும். தவறாகப் படித்தால் அப்பா வேறு ஊரில் இறங்குவார். அதனால் எந்தத் தாளையும் கடைசி வரி வரைக்கும் படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. பெரும்பாலானவர்கள் இரண்டாம் பக்கத்தில் மூடிவிடும் கையேட்டின் பின்பகுதியில்தான் எனக்கு வேண்டியது இருந்தது. கம்ப்யூட்டர் எழுப்பும் சத்தத்தை ஸ்பீக்கர் வரைக்கும் அனுப்பவே வேண்டியதில்லை. பெட்டிக்குள்ளேயே அதைத் திருப்பி, இன்னொரு மைக் பேசுவதுபோல மறுபடி கம்ப்யூட்டருக்குள் விட்டுப் பதிவு செய்துகொள்ளலாம். காற்றையே தொடாத சத்தத்தில் குக்கர் விசில் எப்படிக் கலக்கும்?

முதல் முயற்சியில் ஹெட்போன் ஊளையிட்டது. திரும்பி வந்த சத்தத்தை நான் மறுபடியும் வெளியே அனுப்பிக்கொண்டிருந்தேன். அது சுற்றிச் சுற்றி வந்து பெருத்துவிட்டது. திரும்பி வருகிற தடத்தைப் பதிவு மட்டும் செய்ய வேண்டும், ஒலிக்க விடக் கூடாது. அதைச் சரிசெய்ததும் டீச்சரின் குரல் பக்கத்து நாற்காலியில் இருந்து பேசுவதுபோலப் பதிவானது. சாருக்குப் போட்டுக் காட்டினேன்.

"பாஹர் ஆத்தா ச் நை?" என்றார். வெளியே வருவதே இல்லையா என்று கேட்கிறார்.

"நை சார். அந்தர் கே அந்தரிச்." உள்ளுக்குள்ளேயே என்றேன்.

அவருக்கு அந்தச் சொல் பிடித்துப்போனது. அன்றிலிருந்து அந்தத் தடத்துக்கு அலுவலகத்தில் 'அந்தர்' என்றே பெயர். பதிவு செய்யும் மென்பொருளில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத்தான் தெரியும். ஆகவே காகிதத் துண்டுகளில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டினேன். மேல் தடத்துக்கு 'மைக்'. கீழ்த் தடத்துக்கு 'அந்தர்'.

இந்த வேலை என்னவென்று அம்மாவுக்குப் புரியவைப்பதுதான் கடினமாக இருந்தது. "சத்தத்துக்கு வழி போடுறதுனா இன்னாடி?" என்று கேட்டார். எங்கள் சந்தில் குழாயை எல்லோரும் தெலுங்கில் 'நல்லா' என்றுதான் சொல்வோம். நல்லா தண்ணியைத் தெருவில் பிடித்துக் குடத்தில் தூக்கி வராமல், பைப்பிலேயே நேராகத் தொட்டிக்கு விடுகிற மாதிரி என்றேன். அம்மா கொஞ்சம் யோசித்தார். "அப்ப சிந்தாது," என்றார். சாருக்கு விளக்கியதைவிட இது சுலபமாகவே முடிந்தது.

பிறகு அந்த நாள் வந்தது. எங்கள் பாடங்களை மொத்தமாக வாங்க நினைத்த பயிற்சி நிறுவனத்திலிருந்து ஓர் அம்மையார் ஒலிப்பதிவைப் பார்க்க வருகிறார். சார் என்னிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: இது ஒழுங்காக நடந்தால் நாற்காலி எனக்கு. இல்லையென்றால் அமீர்பேட்டில் ஒரு ஸ்டுடியோ ஆளிடம் ஏற்கெனவே பேசி வைத்திருக்கிறார். அவர் வருவார், நான் டைப் அடிக்கப் போக வேண்டும்.

நான் வாசலுக்குப் போய் அந்த அம்மையாரை அழைத்து வந்த நேரத்தில், கோயம்புத்தூரிலிருந்து புதிதாக வந்து பாடம் எழுதிக்கொண்டிருந்த சக ஊழியர் எனக்கு உதவுவதாக நினைத்து மேஜையை ஒழுங்கு செய்திருக்கிறார். அது எனக்குத் தெரியாது. உட்கார்ந்தேன், பதிவை ஓடவிட்டேன், டீச்சர் தொடங்கினார். மயக்கம் தெளிகிற நோயாளியிடம் முதல் வார்த்தை என்ன பேசுவது என்பது பாடம். மூவரின் ஹெட்போனிலும் குரல் மணியாகக் கேட்டது. அம்மையார் தலையாட்டிக்கொண்டே கேட்டார். சாரின் முகம் மலர்ந்திருந்தது.

திரையில் அந்தர் தடத்தின் பச்சைக் கோடு அசையவில்லை.

காதுக்குப் போகும் வழி வேறு, பதிவுக்குப் போகும் வழி வேறு. ஆகவே கேட்பதால் பதிவாகிறது என்று அர்த்தமில்லை. அதைக் கையேடு தனியாகக் கோடிட்டே சொல்லியிருந்தது. டீச்சரோ நடுவில் நிறுத்தினால் கோபப்படுகிறவர். நான் கையை உயர்த்தியதைப் பார்த்து, நிறுத்தாதே என்று சார் கண்ணாலேயே சொன்னார். அவருக்குக் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. நிறுத்த என்ன காரணம் இருக்க முடியும்? நான் மைக்கைத் திறந்தேன்.

"டீச்சர், மன்னிக்கணும். நிறுத்துங்க. உங்க குரல் இங்க பதிவாகல."

பெட்டியைப் பார்த்தேன், விளக்குகள் சரி. தடத்தைப் பார்த்தேன். பதிவுக்கான சிவப்புப் பொத்தான் அணைந்திருந்தது. அழுத்தினேன். டீச்சரை ஒரு வார்த்தை பேசச் சொன்னேன். "பேசினா மட்டும் போதுமா, திட்டவும் செய்யலாமா?" என்றார். பச்சைக் கோடு துள்ளியது. அம்மையார் சிரித்துவிட்டார்.

பொத்தானை யார் அணைத்தது என்று திரும்பினேன். கோயம்புத்தூர்க்காரரின் முகம் அதற்குள் வெளுத்திருந்தது.

"நானுங்க. அந்தரம்னு எழுதியிருந்துச்சு. எதுலயும் மாட்டாம அந்தரத்துல தொங்குற லைனுன்னு நெனச்சு ஆஃப் பண்ணிட்டனுங்க."

"அந்தரம்னு எங்க இருக்குது? அந்தர்."

"ம் போட எடம் பத்தலன்னு நெனச்சனுங்க."

அவருக்குத் தக்கனி தெரியாது. ஊருக்கு வந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. எனக்கோ, உள்ளே என்று பொருள்படும் அந்தர் தமிழ்ச் சொல்லே இல்லை என்பது மறந்துபோயிருந்தது. சாருக்கு நான் இதை விளக்கியபோது அவர் முதலில் புரியாமல் விழித்தார், பிறகு குலுங்கிச் சிரித்தார். டீச்சர் பாடத்தை முதலிலிருந்து சொன்னார். கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்ததால் குரல் முன்னைவிடத் திருத்தமாக இருந்தது. பதிவானதை அம்மையாருக்கு உடனே போட்டுக் காட்டினேன். வீணான பிறகு சொல்கிறவர்களைத்தான் தான் இதுவரை பார்த்திருப்பதாகவும், வீணாகும்போதே சொல்வதுதான் தனக்கு வேண்டும் என்றும் அவர் சாரிடம் சொன்னார். பாடங்களை எடுத்துக்கொள்வதாகவும் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அவரைப் படி வரைக்கும் கொண்டுபோய் விட்ட சார், அங்கேயே நின்று யாருக்கோ போன் செய்தார். கதவு திறந்துதான் இருந்தது.

"நக்கோ பாய், மத் ஆவ். ஹமாரே பாஸ் ஹைச்."

வரவேண்டாம், எங்களிடமே ஆள் இருக்கிறது. அமீர்பேட் ஸ்டுடியோக்காரருக்குச் சொன்ன அந்த வார்த்தைகளை எனக்கென்று அவர் தனியாக ஒருமுறை சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை.

'அந்தர்' துண்டுக்குக் கீழே, கோயம்புத்தூர்க்காரருக்காக 'உள்ளே' என்று இன்னொரு துண்டு ஒட்டினேன். பிறகு உட்கார்ந்தேன். அப்போதுதான் கவனித்தேன், அந்த நாற்காலியில் என் கால் இதுவரை தரையைத் தொட்டதே இல்லை. இத்தனை நாளும் அடுத்தவர் நாற்காலி என்று அதன் உயரத்தை மாற்றாமல், காலை அந்தரத்தில் தொங்கவிட்டுக்கொண்டே வேலை பார்த்திருக்கிறேன். பக்கவாட்டில் இருந்த பிடியை இழுத்தேன். நாற்காலி புஸ்ஸென்று இறங்கியது.