சீட்டுக்கு நேர்ந்த கிடா

கால்நடை மருத்துவம் படிக்க வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் மகளுக்கு இடம் கிடைக்க வேண்டும் என்று ஒரு தாய் கிடா நேர்ந்துகொண்டாள். அந்தத் தாய் என் தம்பியின் மனைவி. படிக்க விரும்பியவள் அவர்களுடைய ஒரே மகள். இந்த நேர்ச்சையில் உள்ள முரண், மகள் எடுத்துச் சொல்லும்வரை எங்கள் வீட்டில் எவருக்கும் உறைக்கவில்லை. ஒரு காரியம் கூடிவர வேண்டுமானால் குலதெய்வத்துக்குக் கிடா சொல்லுவது எங்கள் பனங்காட்டுக் குடும்பங்களில் யோசித்துச் செய்யும் செயல் அன்று.

தம்பியின் வீடு துறைமுக நகரை அடுத்த புதுக்கோட்டையில், திருநெல்வேலி சாலையைப் பார்த்து இருக்கிறது. கீழே அவனுடைய மாட்டுத்தீவனக் கடை. மாடியில் ஓர் அறை எனக்கு. துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றேன். விடியலில் சிவன் கோயிலுக்குச் சென்று பதிகம் ஓதிவிட்டு வந்தால், பிறகு எனக்கு நாள் முழுவதும் ஓய்வுதான். புலால் உண்பதை விட்டுப் பல காலம் ஆயிற்று. குலதெய்வக் கோயிலின் கொடைவிழாவுக்கு ஆண்டுதோறும் போவேன். வெட்டு நடக்கும் வேளையில் பனைகளின் பக்கம் சற்று விலகி நின்றுகொள்வேன். இது ஒரு சமரசம் என்பதை அறிவேன். அதற்குமேல் அதைப் பற்றி நினைத்ததில்லை.

அந்தக் கிடா கடைக்கு வந்தபோது தேறாத குட்டி. தவிடு வாங்க வந்த ஒருவர், சொறி பிடித்துக் காதெல்லாம் புண்ணாகியிருந்த அதைக் கடை வாசலிலேயே விட்டுப் போய்விட்டார். பிளஸ் டூ முடித்திருந்த பெண் அதை அரசு கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். அங்கிருந்த மருத்துவர் தண்ணீரில் கலந்து குளிப்பாட்டும் மருந்து ஒன்றைக் கொடுத்தார். அன்று தொடங்கியது அவளுடைய ஆசை. அதன் பிறகு விடுமுறை முழுவதும் அந்த மருத்துவமனையிலேயே ஏவிய வேலையைச் செய்துகொண்டு இருந்தாள். சொறி நீங்கிய பின்னும் குளியல் நிற்கவில்லை. சித்திரை வெயிலில் கடைக்குப் பின்னால் ஹோஸைப் பிடித்து அவள் நீர் அடிப்பாள்; கிடா கண்ணை மூடிக்கொண்டு, அபிஷேகம் ஏற்கும் நந்தியைப் போல அசையாமல் நிற்கும்.

விண்ணப்பத்தில், விலங்குகளோடு பழகிய அனுபவத்தை எழுதச் சொல்லியிருந்தார்கள். அவள் இந்தக் கிடாவைப் பற்றித்தான் எழுதினாள். அவள் அதைக் கணினியில் அனுப்பிய அதே நாளில், அவளுடைய அம்மா அதே கிடாவின் கழுத்தில் மஞ்சள் துணியைக் கட்டினாள்.

"ஏளா, உன் படிப்புக்குத்தான் நேந்திருக்கேன். எனக்கா கேட்டேன்?"

"மாட்டு டாக்டருக்குப் படிக்கதுக்கு ஆட்டை வெட்டுவாங்களாம்மா?"

"எங்க சித்தி மவ மனுச டாக்டருக்குப் படிச்சா. அதுக்கும் கிடாதான் வெட்டுனாங்க. பின்ன மனுசனையா வெட்ட முடியும்?"

கல்லாவில் இருந்த தம்பி சிரித்துவிட்டான். மகளின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கிக்கொண்டு, தராசைத் துடைக்கலானான்.

அன்று மாலை அவள் மாடிக்கு வந்தாள். "பெரியப்பா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா அம்மா கேப்பா."

"நேந்தது உங்க அம்மா. நடுவுல நான் யாரு?"

"தெனமும் பசுபதி பசுபதின்னு பாடுதீங்களே, அவரு எதுக்கு இருக்காரு?"

பசு என்பது சமயநூல்களில் உயிரைக் குறிக்கும் என்று விளக்கத் தொடங்கினேன். தாயை இழந்த பன்றிக்குட்டிகளுக்குத் தானே தாயாகி வந்து பால் கொடுத்தவன் அவன் என்று எத்தனையோ முறை உருகியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான் அவளுக்குக் கொடுத்தது ஓர் அருஞ்சொல் விளக்கத்தை. அவள் முழுவதும் கேட்காமலே இறங்கிப் போய்விட்டாள்.

நேர்காணல் கணினித் திரை வழியாக நடந்தது. கீழே லாரிச் சத்தம் ஓயாது என்பதால் என் அறையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். உடன் எவரும் இருக்கக் கூடாது என்பது விதி. நான் வெளியே மொட்டைமாடி நிழலில் நாற்காலியைப் போட்டு அமர்ந்தேன். கப்பல்காரர்களோடு பேசிப் பழகிய காது. ஆங்கிலம் எனக்குத் தடையில்லை. சன்னல் திறந்திருந்தது.

திரேஸ்புரம் கடற்கரையில் வலையில் சிக்கி வந்த ஆமை ஒன்றை மருத்துவரோடு சென்று பார்த்ததைப் பற்றி முதலில் கேட்டார்கள். நன்றாகச் சொன்னாள். பிறகு ஒரு பெண்குரல், கனிவாகத்தான், கேட்டது: அந்த ஆடு இப்போது எப்படி இருக்கிறது?

நலமாக இருக்கிறது என்று மட்டும் சொல்லியிருக்கலாம், அதுவும் உண்மைதான். ஆனால் அவள் இப்படிச் சொன்னாள்: "நலமாக இருக்கிறது. அடுத்த மாதம் எங்கள் கோயிலில் பலியிடப் போகிறார்கள். எனக்கு உங்களிடம் இடம் கிடைப்பதற்காக என் அம்மா நேர்ந்திருக்கிறார்."

நீ என்ன செய்யப் போகிறாய் என்று அதே குரல் கேட்டது.

"அது அம்மாவின் ஆடு. மருத்துவர் ஆட்டுக்குச் சொந்தக்காரர் இல்லை. என் கருத்தை அம்மாவிடம் சொல்லிவிட்டேன், இன்னும் சொல்லுவேன். கேட்காவிட்டால், கடைசிவரை அது பயப்படாமல் இருக்கும்படி பக்கத்தில் நிற்பேன்."

அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். முடிந்து வெளியே வந்தவள், "கெடுத்துட்டேன் பெரியப்பா" என்றாள். எனக்கும் அவ்வாறே தோன்றியது.

முடிவு வருவதற்கு முன்பே கொடை வந்துவிட்டது. இடம் கிடைத்த பிறகு நேர்ச்சையைச் செலுத்தலாமே என்று தம்பி மெல்லச் சொல்லிப் பார்த்தான். அவன் மனைவி என் பக்கம் திரும்பினாள்.

"அச்சாரம் குடுக்காம எந்த லோடு அத்தான் வருது? கடைக்குப் புண்ணாக்கு எடுக்கதுக்கே முன்பணம் கேக்கான். சாமிகிட்ட மட்டும் கடன் சொல்லலாமா?"

வணிகக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள் கடவுளையும் வணிக முறையிலேயே நம்பினாள். அவள் நம்பிக்கையில் குறை காண எனக்கு உரிமை இல்லை. ஒரு பதிகம் ஓதினால் இன்ன பயன் என்று இறுதிப் பாட்டில் கேட்டு மகிழ்பவன்தானே நானும்.

கோயில் தெற்கே, செம்மணல் மேடுகள் நிறைந்த தேரிக்காட்டில் இருக்கிறது. மதியக் கொடை. மேளம் உச்சத்தில் இருந்தது. எங்கள் வழக்கப்படி, கிடாவின் முதுகில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடலைச் சிலிர்த்து உதறினால் தெய்வம் உத்தரவு கொடுத்துவிட்டது என்று பொருள். உதறாதவரை அரிவாள் உயராது. சொன்னபடியே பெண் கிடாவின் கழுத்தை அணைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். அந்த ஆண்டு நான் பனைகளின் பக்கம் போகவில்லை.

சாமி வந்து ஆடும் கோமரத்தாடி, எங்கள் பங்காளி ஒருவர், செம்பைச் சாய்த்தார். மற்றக் கிடாக்கள் எல்லாம் முதல் செம்பிலேயே சிலிர்த்திருந்தன. இது கண்ணை மூடிக்கொண்டு நின்றது. மறுபடியும் ஊற்றினார். சுகமாக நின்றது. வேப்பிலையால் தெளித்துப் பார்த்தார். மேளம் தடுமாறி நின்றது. கூட்டத்தில் யாரோ, "ஏலே, என்ன தெய்வக்குத்தமோ" என்றார்கள்.

தம்பியின் மனைவி மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "போச்சு. எம்புள்ளைக்குக் கிடைக்காது. சாமி வேண்டாங்காரு."

நான் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பேசாமல் இருந்தால் போதும், கிடா பிழைத்துவிடும். உத்தரவு கிடைக்காத கிடாவைக் கோயில் நிலத்திலேயே விட்டுவிடுவது வழக்கம். ஆனால் எதிரே தாய் மண்ணில் கிடந்து அழுதுகொண்டிருந்தாள்.

"குத்தம் ஒண்ணும் இல்லம்மா" என்றாள். "நான் தெனமும் குளிப்பாட்டுனேன்லா. தண்ணி அதுக்குப் பழகிப்போச்சு. அதான் ஒதறல."

கோமரத்தாடியின் முகம் தெளிந்தது. "அப்படிச் சொல்லு தாயி. பின்ன என்ன, காதுக்குள்ள ரெண்டு சொட்டு விடுவோம். எந்தக் கிடாவா இருந்தாலும் ஒதறிரும்." செம்பை மீண்டும் நிரப்பச் சொன்னார். பெண்ணின் கை கிடாவின் காதுகளை மூடிக்கொண்டது. பிறகு, நேர்காணலில் தான் சொன்ன சொல் நினைவுக்கு வந்ததோ என்னவோ, கையை எடுத்துவிட்டாள்.

தாய் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள்.

"இருங்க மாமா. கேட்டாச்சுல்லா. சாமி பதில் சொல்லியாச்சு. இனி காதுக்குள்ள ஊத்திக் கேட்டா அது உத்தரவு கேக்கது இல்ல, அதிகாரம் பண்ணுதது."

"அப்ப நேர்ச்சை?"

"கொண்டாந்து நிறுத்திட்டேன். எடுத்துக்கிடாதது அவரு இஷ்டம். சீட்டு தந்தாலும் சரி, தராட்டியும் சரி." கிடாவின் கழுத்திலிருந்த மஞ்சள் துணியைத் தானே அவிழ்த்தாள்.

அச்சாரம் பேசியவள்தான் அவள். சரணடைதல் என்னும் சொல்லை வாழ்நாள் முழுவதும் ராகத்தோடு பாடிவருகிறேன். வெயிலில் ஒருத்தி அதைச் செய்ததை அன்று பார்த்தேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுதினால் அழகுபடுத்துவதாகிவிடும்.

வீடு திரும்பிய பின் தாயும் மகளும் சீட்டைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. நேர்காணலில் சொன்ன பதிலால் போய்விட்டது என்று மகளும், கோயிலில் கேட்ட பதிலால் போய்விட்டது என்று தாயும் எண்ணியிருந்தார்கள். முன்பின் அறியாத தேசத்தில் ஓர் இருக்கை, இரண்டு மனங்களிலும் ஒரே ஆட்டின் கழுத்தில் கட்டப்பட்டிருந்தது.

மின்னஞ்சல் வந்த முற்பகலில் பெண் கடையில் தவிட்டு மூட்டை எண்ணிக்கொண்டிருந்தாள். படித்துவிட்டு என்னிடம் போனை நீட்டினாள். "சரியாத்தான் படிச்சேனா பெரியப்பா?" சரியாகத்தான் படித்திருந்தாள். இடம் கொடுத்திருந்தார்கள், காரணம் எதுவும் எழுதவில்லை. தாய் செய்தியைக் கேட்டுவிட்டு உள்ளே போய் விளக்கேற்றினாள். புதிதாகக் கிடா எதையும் சொல்லவில்லை.

பெண் போய் ஓராண்டு ஆகிறது. என் தம்பியின் மனைவி மாதம் ஒரு வெள்ளியன்று கோயிலுக்குப் போகிறாள். துணைக்கு என்னையும் அழைத்துச் செல்கிறாள். அங்கேயே விட்டு வந்த அந்தக் கிடாவைப் பூசாரி நன்றாகவே பார்த்துக்கொள்கிறார். போனில் மகளின் முகம் தெரியும். "வாயைத் தொறந்து காட்டும்மா. காதைத் திருப்பு. புண்ணு இருக்கா?" தாய் ஒவ்வொன்றாகக் காட்டுவாள். பேசி முடித்த பின் கிணற்றடியில் அதைக் குளிப்பாட்டுவாள்.

சென்ற முறை ஒரு செம்புத் தண்ணீர் தவறிக் காதுக்குள் போய்விட்டது. கிடா உடல் முழுவதையும் சிலிர்த்து ஓங்கி உதறியது. அவள் திடுக்கிட்டு, யாராவது பார்த்தார்களா என்று நாலாபுறமும் பார்த்தாள். பிறகு அவசரமாக முந்தானையை எடுத்து அதன் காதைத் துடைத்தாள்.

நான் பனைகளின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.