யோருன் காரில் நான் வெட்டி எறிந்த தகடு

எங்கள் கடற்கரையில் நாற்பது கிலோமீட்டருக்குள் என் கை படாத கார் கிடையாது. நான் பள்ளிக்கூடம் போனது ஏழு வருஷம். அதிலும் மீன் காலம் வந்தால் அப்பாவின் படகில்தான் இருப்பேன். மின்சாரக் கார்கள் வந்தபோது என் வயது மெக்கானிக்குகள் மூன்று பேர் பட்டறையைச் சாத்திவிட்டுப் போனார்கள். நான் அறுபத்தைந்து வயதில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். படித்தவர்கள் கணினியைச் செருகிப் பார்த்துவிட்டுக் கைவிரித்த வண்டிகளை நான் காதால் கேட்டே சரி செய்திருக்கிறேன். அதனால்தான் யோருன் என்னிடம் வந்தாள்.

யோருன் ஐந்து தேவாலயங்களுக்கு ஆர்கன் வாசிப்பவள். இரண்டு இந்தக் கரையில், மூன்று தீவுகளில். முப்பத்தொரு வருஷமாக இந்த ஊர்களில் யார் கல்யாணம் செய்தாலும், யாரைப் புதைத்தாலும் அவள் வாசிப்புதான். அப்பா மீன்பிடிக்காரர், வீட்டில் பியானோ கிடையாது. ஒன்பது வயதில் தேவாலயச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய், காலுறையோடு ஆர்கனின் கால்பெடல்களை மிதித்துக் கற்றுக்கொண்டவள். யாரும் தூக்கிவிடாமல் எழுந்தவர்களை எனக்குப் பிடிக்கும். கணவன் இல்லை, பிள்ளை இல்லை. வாரத்தில் ஐந்து நாள் ஒரு ஃபெர்ரியிலிருந்து இறங்கி இன்னொரு ஃபெர்ரியில் ஏறிக்கொண்டிருப்பாள்.

அக்டோபர் கடைசியில் ஒரு காலை, பட்டறைக்குள் காரைக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"ஓட்வார், இந்தச் சார்ஜர் என்னைக் கொன்னுடும்."

"கார் சார்ஜரால இதுவரைக்கும் யாரும் செத்ததில்ல."

"நான் முதல் ஆளா இருந்துட்டுப் போறேன்."

கியர் பக்கத்தில் காரோடு வந்த வயர்லெஸ் சார்ஜர். ஃபோனை மேலே வைத்தால் போதும் என்பார்கள். ஆனால் எங்கள் சாலையில் வளைவுக்கு வளைவு ஃபோன் வழுக்கி ஓரம் போகும், சார்ஜ் நின்றுவிடும். மூன்று மணி நேரம் காரில் வைத்திருந்தும் நாற்பது சதவீதத்தில் இருந்த சார்ஜ் முப்பத்தொன்றாக இறங்கியிருக்கிறது. முந்தின வாரம் தீவில் வைத்து ஃபோன் அணைந்தே போய், இருபது நிமிஷம் உயிரில்லாமல் கிடந்ததாம்.

"ஒரு வயரைச் செருகிட்டுப் போயேன். இதுக்கா இவ்வளவு?"

"வயர் வேண்டாம்."

"ஏன் வேண்டாம்?"

"வேண்டாம்னா விடேன். உன்னால இதைச் சரி பண்ண முடியுமா, முடியாதா?"

என்னிடம் கேட்கக்கூடாத கேள்வி அது. அந்தக் கணமே ஸ்குரூடிரைவரை எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து விஷயத்தைச் சொன்னாள். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வீட்டிலேயே, வயிற்றில் போட்ட குழாய் வழியாகத் தினமும் ராத்திரி ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்கிறாள். இரண்டு வருஷமாகப் பட்டியலில் இருக்கிறாள். யாரோ ஒருவர் இறந்து, அவருடைய சிறுநீரகம் இவளுக்குப் பொருந்தினால் ஓஸ்லோவின் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுவார்கள். அது நாளைக்கும் இருக்கலாம், அடுத்த வருஷமும் இருக்கலாம். எடுக்கவில்லை என்றால் ரொம்ப நேரம் காத்திருக்க மாட்டார்கள், அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள்.

"சபைக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா ஓய்வெடும்மான்னு சொல்லும், பூவும் குடுக்கும். அப்புறம் என் இடத்துல வேற ஆள் உக்காரும். யார்கிட்டயும் சொல்லாதே. இன்னொண்ணும் கேக்கணும். நான் எடுக்கலேன்னா கூப்பிட ரெண்டாவது நம்பர் ஒண்ணு குடுக்கணும். அக்கா நம்பரைக் குடுத்திருந்தேன். அக்கா வசந்தத்துல இறந்துபோயிட்டா."

"என் நம்பரைக் குடு. இந்தப் பட்டறை ஃபோன் நாற்பது வருஷத்துல ஒரு நாள் அடங்கினதில்ல."

பழைய சார்ஜரைக் கழற்றினேன். புதிதாக வந்திருந்த காந்த வளையம் உள்ளதை வரவழைத்தேன். அதில் ஃபோன் அட்டைபோல ஒட்டிக்கொள்ளும், எந்த வளைவிலும் நகராது. சூடேறாமல் இருக்க அடியில் குட்டி மின்விசிறியும் உண்டு. ஆனால் இடம் போதவில்லை. அடியில் ஒரு பிளாஸ்டிக் தகடு தடுத்தது. எதற்கு இருக்கிறது என்று தெரியாத தகடு. இரண்டே நிமிஷத்தில் வெட்டி எறிந்தேன். பட்டறையில் வைத்தே நாற்பது நிமிஷம் சோதித்தேன்: நாற்பதிலிருந்து அறுபத்தெட்டு. ஃபோன் தொட்டால் குளிர்ச்சியாக இருந்தது.

சாவியைக் கொடுக்கும்போது அவளிடம் சொன்னேன்: "இனிமே ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஃபோனை எடுத்துப் பாக்காதே. வெச்சுட்டு மறந்துடு. ஓட்வார் போட்டது."

"பெரிய வாய் உனக்கு."

"கையும் பெருசுதான்."

இரண்டு வாரம் ஒன்றும் இல்லை. வழியில் பார்த்தால் கையை ஆட்டுவாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு குளிர் இறங்கியது.

நவம்பர் பாதியில் ஒரு வியாழக்கிழமை, காலை பத்து முப்பத்தைந்து. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினோரு டிகிரி. பட்டறை ஃபோன் அடித்தது. ஓஸ்லோ எண்.

ஒரு பெண் நிதானமாகப் பேசினாள். "யோருனை மூணு தடவை கூப்பிட்டோம். ஃபோன் அணைஞ்சிருக்குன்னு வருது. அவங்க எங்க இருப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"அணைஞ்சிருக்காது. நான் போட்ட சார்ஜர்."

"அணைஞ்சிருக்கு," என்றாள் அந்தப் பெண். "பதினொரு மணிக்குள்ள அவங்க குரல் எனக்குக் கேக்கணும். ஒரு மணி விமானத்துல ஏறவும் முடியணும்."

எழுபத்து மூன்று வயதில் நான் இப்படிப் பயந்தது அன்றைக்குத்தான். கடலில் இரண்டு தரம் விழுந்திருக்கிறேன், அப்போதுகூட இப்படி இல்லை. வியாழன் என்றால் அவள் வெளித்தீவுக்குப் போகும் நாள். பத்தேகால் ஃபெர்ரி. இருபது நிமிஷமாகத் தண்ணீரில் இருக்கிறாள். அக்கரை சேர இன்னும் அரை மணி. ஃபெர்ரியில் வேலை செய்யும் ட்ரூல்ஸைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். கார் தளத்தில் இரும்புக்குள் நின்றுகொண்டிருப்பான், சிக்னல் எங்கே கிடைக்கும்? பத்து நாற்பது.

சுவரில் படகு ரேடியோ இருந்தது. எடுத்து, எல்லாப் படகுகளும் கேட்கும் அழைப்புச் சானலில் ஃபெர்ரியின் பெயரைச் சொல்லி மூன்று தரம் கூப்பிட்டேன். வேறு சானலுக்குப் போய் ரகசியமாகச் சொல்லியிருக்க வேண்டும். அந்த நிதானம் எனக்கு எங்கே இருந்தது?

"யோருன் உங்க கப்பல்ல இருக்கா. அவளுக்குச் சிறுநீரகம் கிடைச்சிருக்கு. ஓஸ்லோவுக்கு உடனே பேசணும். பதினொரு மணிக்குள்ள."

முழுக் கடற்கரையும் கேட்டது. அவள் இரண்டு வருஷம் மறைத்து வைத்ததை நான் பத்து நொடியில் கொட்டிவிட்டேன்.

பிறகு கேப்டனின் குரல்: "கேட்டுது, ஓட்வார். எண்ணைச் சொல்லு."

சொன்னேன். அதற்குப் பிறகு நான் செய்வதற்கு ஒன்றுமில்லை. கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன். நாற்பத்தாறு. நாற்பத்தொன்பது. எழுபது வருஷம் எதையாவது செய்துகொண்டே இருந்த கை, சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. ஐம்பத்து மூன்றுக்கு ரேடியோ கரகரத்தது.

"ஆளைப் புடிச்சோம். மேல் தளத்துல உக்காந்து ஸ்வேலே அப்பம் சாப்பிட்டுக்கிட்டு இருந்தா. ஓஸ்லோகிட்ட பேசிட்டா. நீ சொன்னதுமே கப்பலைத் திருப்பிட்டேன். நீ துறைக்கு வா."

பேச்சு அதோடு சரி. கப்பலில் இருந்த ஒன்பது கார்க்காரர்களும் திரும்பியதற்கு ஒரு குறைகூடச் சொல்லவில்லை என்று ட்ரூல்ஸ் பிறகு சொன்னான்.

பதினொன்று பதினெட்டுக்கு ஃபெர்ரி துறையில் வாயைத் திறந்தது. அணைந்த ஃபோனோடு வந்தவளை என் காரில் ஏற்றிக்கொண்டேன். அவள் காரை ட்ரூல்ஸ் வெளியே எடுத்து நிறுத்தினான். விமான நிலையம் ஒரு மணி நேரம். சாலை முழுக்க உறைபனி. அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஃபோனை மேல எடுத்துட்டுப் போகாம கார்லயே வெச்சுட்டுப் போனேன், ஓட்வார். ரெண்டு வருஷத்துல முதல் தடவை. நீதான் மறந்துடுன்னு சொன்னே."

என் காரின் சார்ஜர் வயரை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். "இதைச் செருகு. ஓஸ்லோ மறுபடி கூப்பிடும்."

செருகினாள். முனை பக்கத்தில் இடித்தது. மறுபடி செருகினாள், நழுவியது. மூன்றாவது தரம் ஃபோனை மடியில் வைத்து, குனிந்து, கண்ணால் பார்த்துப் பார்த்து முயற்சி செய்தாள். வயர் கீழே விழுந்தது.

"விரல் நுனி மரத்துப்போச்சு," என்றாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே. "இந்த நோயால வர்றது. ஒரு வருஷமா அப்படித்தான்."

"அப்புறம் எப்படி வாசிக்கிறே?"

"கண்ணும் காதும் இருக்கே. காலும் நல்லாத்தான் இருக்கு. பெடலை வெச்சுச் சமாளிச்சுக்கிட்டு இருக்கேன்."

வயர் ஏன் வேண்டாம் என்றாள் என்று இப்போது புரிந்தது. வண்டியை ஓரமாக நிறுத்தி, நானே செருகிவிட்டுக் கிளம்பினேன். பத்து நிமிஷம் போயிருப்போம்.

"காலுக்கு ஹீட்டரை வை. முழுசா," என்றாள்.

"முழுசாவா? வெந்துடும்."

"நான் எப்பவும் அப்படித்தான் ஓட்டுறது. ஆர்கன் ஷூ அட்டை மாதிரி மெல்லிசு, தெரியுமில்ல? கால் விறைச்சா பெடல் மிதிக்க வராது. குளிர் இறங்கினா மே வரைக்கும் இப்படித்தான்."

காலுக்குப் போகும் வெப்பக்காற்றுக் குழாய் அந்தச் சார்ஜருக்கு நேர் கீழே ஓடுகிறது. நான் வெட்டி எறிந்த தகடு அந்தச் சூட்டைத் தடுக்க வைத்தது. என் மின்விசிறி, குளிர்ந்த காற்றுக்குப் பதில் அந்தக் கொதிக்கிற காற்றை உறிஞ்சி ஃபோனின் முதுகில் ஊதியிருக்கிறது. ஃபோன் சூடாகி, சார்ஜை நிறுத்திவிட்டு, சிக்னல் தேடித் தேடியே செத்திருக்கிறது. நான் சோதித்தது கதகதப்பான பட்டறையில், ஹீட்டர் இல்லாமல். வண்டியை எப்படி ஓட்டுவாய் என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தப்பு என்னுடையது என்று அங்கேயே அவளிடம் சொன்னேன். என் வாயால் அப்படி ஒன்று வந்தது என் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியாது.

"சரி," என்றாள். "வர்றதுக்குள்ள சரி பண்ணி வை."

பன்னிரண்டு இருபத்தைந்துக்கு இறங்கிப் போனாள். கையில் பை இல்லை, காலில் ஆர்கன் ஷூ.

மறுநாள் அவள் காரைப் பட்டறைக்குள் கொண்டுவந்தேன். அலுமினியத் தகடு வெட்டி, மேலே பஞ்சு வைத்து, குழாய்க்கும் சார்ஜருக்கும் நடுவே அடைத்தேன். மின்விசிறி காற்று எடுக்கும் வாயைப் பின்சீட்டுப் பக்கம் திருப்பினேன். பிறகு காரை வெளியே பனியில் நிறுத்தி, உள்ளே உட்கார்ந்து, காலுக்கு ஹீட்டரை முழுசாக வைத்தேன். சட்டை நனைந்தது. என் ஃபோன் சார்ஜரில் ஒட்டியிருந்தது. ஓஸ்லோவிலிருந்து இன்னும் தகவல் இல்லை. அறுவை முடிந்ததா, சிறுநீரகம் பொருந்தியதா, எதுவும் தெரியாது. சார்ஜ் ஐம்பத்திரண்டு. ஐம்பத்தைந்து. கையை வைத்துப் பார்த்தேன். சூடில்லை. இறங்க மனம் வரவில்லை. ஒரு மணி நேரம் அப்படியே இருந்தேன்.

எழுபத்தொன்பதில் ஃபோன் அடித்தது.

"ஓட்வார்," குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. "புதுச் சிறுநீரகத்துலேருந்து மூத்திரம் வருதாம். நர்ஸ் ஓடி ஓடி வந்து பாத்துட்டுப் போறாங்க, ஏதோ மீன் வலை நெறஞ்ச மாதிரி."

நெற்றி வியர்வையைச் சட்டைக் கையால் துடைத்தேன்.

"நீ எங்க இருக்கே? மூச்சு வாங்குது உனக்கு."

"உன் கார்ல. ஹீட்டர் முழுசா."

"ஃபோன்?"

"எண்பது."

"இன்னும் ஒரு மணி நேரம் உக்காரு," என்றாள். "உன்னை நான் இப்போதைக்கு நம்பறதா இல்லை."

உட்கார்ந்தேன்.