மரியாவுக்கு மூன்று ஊசி

கையுறையை மாட்டுவதற்கு முன் நாகபூசணி அக்கா அதற்குள் வாயை வைத்து ஊதிப் பார்ப்பார். ஐந்து விரலும் பசுவின் மடிபோலப் புடைத்து எழும்பும். அதைக் கன்னத்தருகே பிடித்து, எங்காவது காற்றுக் கசிகிறதா என்று கண்ணை மூடிக் கவனிப்பார். கசிந்தால் குப்பைக்கூடைக்குப் போகும். கசியாவிட்டால் உதறி மாட்டிக்கொண்டு, "வாங்கோ ஐயா" என்பார். ஐயா என்பவர் இந்த இத்தாலிய நகரத்தின் பணக்காரத் தெருவான லிபெர்த்தாவில் ஒரு மேல்மாடியில் கட்டிலோடு கிடக்கும், காணி உறுதி எழுதி ஓய்வுபெற்ற நொத்தாரிசு. அவருக்கு ஒரு சொல் தமிழ் தெரியாது. ஆனாலும் "வாங்கோ" என்றால் சவரத்துக்கு முகத்தை நீட்டிவிடுவார்.

வுச்சீரியாச் சந்தைக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தில் அக்காவும் நாங்களும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகிறோம். நான் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுகிறவன். அது பூட்டியிருக்கும் நாளில் ஐயா வீட்டுக்குத் தண்ணீர்ப் போத்தல்களைச் சுமந்து கொடுக்கப் போவேன். அந்த வீட்டில் லிஃப்ட் இருக்கிறது. அக்கா அதில் ஏறமாட்டார். நடுவில் நின்றுவிட்டால் யாரைக் கூப்பிடுவது, எந்த மொழியில் கூப்பிடுவது என்று கேட்பார். அவருடைய இத்தாலியன் அப்படிப்பட்டது. இறந்த காலம், எதிர்காலம் ஒன்றும் கிடையாது. "நான் போக, நீ சாப்பிட, ஐயா தூங்க" என்கிற வாய்ப்பாட்டிலேயே இத்தனை வருடமும் சீவியத்தை ஓட்டிவிட்டார்.

எப்போதும் களைத்த முகம். பஸ்ஸில் நின்றபடி நித்திரை கொள்வார். இறங்கவேண்டிய இடம் வந்ததும் யாரோ தட்டியதுபோல் முழித்துக்கொள்வார். எப்படி அக்கா என்று கேட்டால், "இருக்கிறன் தம்பி. இருக்க விட்டால் இருப்பன்" என்பது பதில். ஞாயிறு பின்னேரம் மட்டும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பெல்லெக்ரினோ மலையில் இருக்கும் புனித ரோசாலியாவிடம் ஏறுவார். முன்னொரு காலத்தில் இந்த நகரத்திலிருந்து கொள்ளைநோயை விரட்டியவள் அவள் என்று இங்கே சொல்வார்கள். எங்கள் சனம் அவளை மாரியம்மன் கணக்கில் சேர்த்துக்கொண்டது. அக்கா அவளிடம் எதையும் கேட்பதில்லை. அந்தக் கிழமை நடந்ததைச் சொல்லிவிட்டு இறங்கிவிடுவார்.

ஐயாவுக்கு ஈரலில் வருத்தம். செங்கமாரி, அதுதான் மஞ்சள்காமாலை, அந்தக் கிருமி இரத்தத்திலேயே குடியிருக்கிறது என்று வைத்தியர் சொன்னாராம். பல் முரசு கசியும், மூக்கு உடைந்து இரத்தம் கொட்டும், சவரக்கத்தி பட்டால் நிற்காமல் வழியும். இதைக் கேள்விப்பட்ட அன்றே அக்கா ஐயாவின் தேநீர்க் கோப்பைக் காதில் ஒரு சிவப்பு நூலைக் கட்டி வேறாக வைத்துவிட்டார். ஊரில் நாங்கள் யார் யாருக்குத் தனிப் பேணியில் தேநீர் கொடுத்தோம் என்று யோசித்தால் எனக்குச் சிரிப்பும் வெட்கமும் ஒன்றாக வரும். இங்கே அந்தத் தனிப் பேணி நொத்தாரிசுக்கு. இது என்ன நூல், ஏதும் ஆசீர்வாதமா என்று ஐயா கேட்டபோது, அக்கா ஓம் என்று தலையாட்டினாராம்.

ஐயாவின் மகளை எல்லோரும் மரியாதையாகச் சிஞ்ஞோரா என்பார்கள். வாய்ப்பேச்சு நல்லது, காலுக்கு மட்டும் அவசரம். வீட்டு வேலைக்கு நிற்பவளுக்கும் ஒரு காப்புறுதி எடுத்து வைத்திருந்தார். அந்தக் காப்புறுதிக் கம்பனிக்கும் அரசாங்கச் சுகாதார அலுவலகத்துக்கும் ஓர் உடன்படிக்கை இருந்தது. செங்கமாரிக்கு மூன்று தடவை போடவேண்டிய தடுப்பூசியை அலுவலகம் போடும், செலவைக் கம்பனி ஏற்கும். நோயாளியோடு சேர்ந்து வாழும் குடும்பத்தினருக்கு அரசாங்கமே அதை இலவசமாகப் போடுகிறது. அவருக்குச் சவரம் செய்து, குளிப்பாட்டி, இரத்தம் துடைக்கிறவள் குடும்பத்தில் சேர்த்தி இல்லை. ஆகவே அவளுக்குக் கம்பனி வேண்டியிருந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடவேண்டுமே.

காப்புறுதியில் பெயர் இல்லை. "வீட்டுப் பணிப்பெண், ஒருவர்" என்று இருந்தது. சிஞ்ஞோரா வாயிலும் பெயர் இல்லை. நாகபூசணி என்ற பெயர் அவருடைய நாக்கில் ஏறாததால் முதல் நாளே மரியா ஆக்கிவிட்டார். லிபெர்த்தா முழுவதும் எங்கள் பெண்கள் மரியாக்கள்தான்.

இந்த இடத்தில் எங்கள் ஆட்களின் ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். யாராவது ஊருக்குப் போனால் வேலையை வெறுமனே விட்டுவிட்டுப் போகமாட்டோம். விட்டால் ஒரு கிழமைக்குள் இன்னொருத்தி ஏறி உட்கார்ந்துவிடுவாள். அதனால் நம்பிக்கையான ஒரு மாற்றாளை வைத்துவிட்டுப் போவோம். மாற்றாளுக்கு வீட்டுக் கதவின் திறப்புப் போகும், ஏப்ரன் போகும், பஸ் பாஸ் போகும், மரியா என்ற பெயரும் போகும். திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் அப்படியே வாங்கிக்கொள்வோம். சிஞ்ஞோராக்கள் முகத்தைப் பார்த்து ஒரு நிமிடம் யோசிப்பார்கள். தரை மினுங்கினால் பிறகு யோசிக்கமாட்டார்கள்.

முதல் ஊசி போட்ட கையோடு அக்கா கொழும்புக்குப் போகவேண்டி வந்தது. வன்னியிலிருந்து அவருடைய மகளைச் சொந்தக்காரர் ஒருவழியாக எடுத்துக் கொழும்பு லொட்ஜ் ஒன்றில் வைத்திருந்தார்கள். பொலிஸ் பதிவு, புகைப்படம், வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரன் என்று அலைச்சல். மாற்றாளாக அற்புதமலரை வைத்தார். நல்ல பிள்ளை, வாய் கொஞ்சம் நீளம். அங்கிருந்து அக்கா எடுத்த ஒரே தொலைபேசி அழைப்பில் மலருக்குச் சொன்னது இதுதான்: "செவ்வாய்க்கிழமை மரியாவுக்கு ஊசி இருக்கு. மறக்காமல் போட்டிட்டு வா. விட்டால் சிஞ்ஞோரா வேலையிலை பிழை பிடிப்பா."

மலர் போய், காப்புறுதித் தாளைக் காட்டி, கையை நீட்டிப் போட்டுக்கொண்டு வந்தாள். அக்கா திரும்பியபோது ஐயாவின் நிலைமை மோசமாகியிருந்தது. சிஞ்ஞோரா இருவரையும் வைத்துக்கொண்டார், பகலுக்கு அக்கா, இரவுக்கு மலர். தாளில் மட்டும் அதே ஒரு பணிப்பெண்.

மூன்றாவது ஊசிக்கு இலையுதிர் காலத்தில் அழைப்பு வந்தது. அக்காவுக்கு வாயாக நான் கூடப் போனேன். சுகாதார அலுவலகத்தில் வரிசை வாசல்வரை நின்றது. குழந்தைகள் ஒன்றைப் பார்த்து ஒன்று அழுதன. மருத்துவர் நடுத்தர வயதுப் பெண். அவருக்கும் காலையிலேயே அந்தி முகம். அக்காவின் புயத்தில் இருந்த அம்மைப்பால் தழும்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, முந்திய இரண்டு ஊசிக்கும் காய்ச்சல் வந்ததா என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"எனக்கு ஒண்டுதானே போட்டது. ரெண்டாவது மலருக்கு" என்றார் அக்கா. குரலில் ஒரு நிமிர்வு இருந்தது. தான் ஊரில் இல்லாதபோதும் மரியாவுக்கு ஒரு நாளும் தவறவிடவில்லை என்ற நிமிர்வு.

நான் அதை இத்தாலியனில் சொன்னதும் மருத்துவர் பஞ்சைக் கீழே வைத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மூன்றும் ஒரே உடம்பில் இறங்கினால்தான் நம்பலாம் என்றார். இரண்டு என்றால் ஓரளவு. ஒன்று என்றால் எதையும் சொல்லமுடியாது. இனி உடன்படிக்கையின்படி மிச்சம் இருப்பது ஒரே ஊசி. இந்த வருடத்தோடு கம்பனி உடன்படிக்கையை முடிக்கிறது, புதிதாக யாருக்கும் கொடுக்க முடியாது. குளிர்சாதனப் பெட்டிக்குள் மருந்து நிறைய இருக்கிறது, ஆனால் யார் பெயரில் எடுப்பது என்று அவரே எங்களைக் கேட்டார். பிறகு, வியாழக்கிழமை இரண்டு பேரும் வாருங்கள், யாருக்கு என்று நீங்களே முடிவுசெய்யுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

வரும் வழியில் அக்கா பஸ்ஸில் நித்திரையும் கொள்ளவில்லை. இறங்கும்போது, "வேலைக்குத்தான் ஊசி எண்டு நினைச்சன் தம்பி. ஆளுக்கு எண்டு ஆர் கண்டது" என்றார்.

சிஞ்ஞோராவிடம் நான் கதைத்தேன். கம்பனிக்குத் தொலைபேசி எடுத்துப் பார்க்கிறேன் என்றார். எடுத்திருக்கவும் கூடும். மருந்துக்கடையில் விலை கேட்டபோது மலர் சிரித்துவிட்டாள். அக்காவின் சம்பளமோ கையில் தங்குவதில்லை, கொழும்பு ஏஜென்சிக்காரனிடம் போகிறது. என் மனைவிதான் தெளிவாகத் தீர்ப்புச் சொன்னாள்: மலர் இளம்பிள்ளை, நாளைக்குக் கலியாணம் கட்டவேண்டியவள், அக்கா விட்டுக்கொடுப்பா. எங்கள் படிக்கட்டு முழுவதும் அதையே சொன்னது. அக்காவின் காதிலும் விழுந்திருக்கும். அவர் வாசலில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

வியாழன் பின்னேரம் சிஞ்ஞோராவைத் தகப்பனோடு இருக்கச் சொல்லிவிட்டு மூவரும் போனோம். அலுவலக வாசலில் இருந்த வாங்கில் உட்கார்ந்தோம், அக்கா நடுவில். மலர் வரும்போதே சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தாள். ஊசிப் பதிவுக்குச் சிஞ்ஞோரா கொடுத்திருந்த பெயரைக் கூப்பிட்டார்கள், "மரியா" என்று. மலர் எழும்பி அக்காவைப் பார்த்தாள். அக்காவும் எழும்பினார்.

"எனக்குப் போடச் சொல்லு தம்பி" என்றார்.

மலர் மடித்த கையை இறக்கிப் பொத்தானைப் போட்டாள். எனக்கு அக்கா மேல் கோபம் வந்தது. இத்தனை வருடம் படிக்கட்டில் பார்த்த முகம் அன்றைக்கு எனக்குப் பிடிக்கவில்லை. மருத்துவர் ஒன்றும் கேட்காமல் ஊசியைப் போட்டு, பஞ்சின் மேல் பிளாஸ்டர் ஒட்டிவிட்டார். பிடித்து அழுத்திக்கொள்ளச் சொன்னார். அக்கா அழுத்தவில்லை, ஏதோ யோசனையாய் இருந்தார்.

மலரின் வேலை நேரம் நெருங்கிவிட்டதால் நேரே ஐயா வீட்டுக்கு நடந்தோம். வழியில் வாங்கிய தண்ணீர்ப் போத்தல்கள் என் தோளில் இருந்தன. மலர் விறுவிறென்று முன்னே போனாள். அக்காவின் வேலை அன்றைக்கு முடிந்துவிட்டது. அவர் வீட்டுக்குப் போய்ப் படுத்திருக்கலாம். ஆனால் எங்களுக்குப் பின்னால் மூச்சு வாங்கியபடி படியேறி வந்தார்.

கதவு திறந்தபோது சிஞ்ஞோரா கைப்பையும் கையுமாக நின்றார். உள்ளே ஐயாவுக்கு மூக்கு உடைந்திருந்தது. தலையணை சிவந்து, தாடி சிவந்து, அவர் எதுவும் தெரியாதவர்போல் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். சிஞ்ஞோரா அறை வாசலைத் தாண்டவில்லை. தன் மூக்கைத் துவாயால் பொத்திக்கொண்டு "மரியா" என்றார்.

இருவருமே திரும்பினார்கள். மலர் பெட்டியிலிருந்து கையுறையை எடுத்துவிட்டாள். அக்கா பின்னாலிருந்து அதை அவள் கையிலிருந்து பிடுங்கி, ஊதி, கன்னத்தருகே வைத்துக் கேட்டு, மாட்டிக்கொண்டார்.

"ரெண்டு ஊசி இருக்கிற உடம்பு கிட்டப் போகட்டும். நீ தண்ணியைச் சுடவை" என்றார் மலரிடம். "ராவிலை ரத்தம் கண்டால் தொடாதை. எனக்கு ஃபோன் எடு. நான் வாறன்."

மலர் கேட்காதவள்போல் உள்ளே ஒரு காலை வைத்தாள். அக்கா பிளாஸ்டர் ஒட்டிய இடது கையை நீட்டி வாசல்நிலையில் ஊன்றி வழியை மறித்தார்.