வாழைப்பழத்துக்கும் சுகர் பார்த்த போன்

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஆடிக் கிருத்திகை அன்னிக்கு, திருத்தணி மலைப்படியில நடந்தது இது. எனக்கு ஊர் பள்ளிப்பட்டு பக்கம். வீட்டுல பவர்லூம் ஓட்டறோம். எங்க மகளுக்குப் பிரசவம் சிக்கலா இருந்தப்போ, தாயும் புள்ளையும் நல்லபடியா வீடு வந்து சேர்ந்தா பூக்காவடி எடுக்கறேன்னு என் வீட்டுக்காரர் வேண்டிக்கினாரு. முருகன் கொடுத்துட்டான். அப்புறம் விடுவாரா மனுஷன்?

அவருக்குச் சர்க்கரை வியாதி. தினமும் மாத்திரை போடணும். பட்டினி கெடந்து அந்த மலையை ஏறணும்னா சும்மாவா? "டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கினு போலாங்க"ன்னேன். "டாக்டர் எதுக்கு? இதோ இருக்குது"ன்னு போனைக் காட்டினாரு. ஏதோ வீடியோ பாத்துக்கினு இருந்தப்போ நடுவுல வந்த விளம்பரத்துல புடிச்ச ஆப்பு அது. காமிரா மேல விரலை வெச்சா போதும், ஊசி குத்த வேணாம், சுகர் எவ்ளோன்னு சொல்லிடும். வீட்டுக்கு வர்றவங்க விரலையெல்லாம் புடிச்சி வெச்சிப் பாப்பாரு. எங்க அக்கா வீட்டுக்காரர், எங்க பாவா, அவரு விரலும் தப்பல. எல்லாருக்கும் நல்ல நம்பராவே வந்ததால எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கும்தான்.

அன்னிக்குக் காலையில வெறும் வயித்துல சர்க்கரை மாத்திரையை முழுங்கினாரு. "சாப்பாடுதானே கூடாது? இது மருந்து. விரதம் கெடாது"ன்னு அவரா ஒரு சட்டம் போட்டுக்கினாரு. எங்க பக்கம் காவடி எடுக்கறவங்க நெறைய பேரு இப்படித்தான். சோத்தை விட்டுடுவாங்க, மாத்திரையை விடமாட்டாங்க. அது எவ்ளோ பெரிய ஆபத்துன்னு அன்னி வரைக்கும் எங்களுக்குத் தெரியாது.

சரவணப் பொய்கையில குளிச்சிட்டு, காவடியைத் தோள்ல ஏத்திக்கினு, அரோகரா சொல்லி ஏற ஆரம்பிச்சோம். கூட்டம் நெருக்கித் தள்ளுது. பாதி மலை ஏறினதும் அவரு முகம் வெளுத்துப்போச்சு. வேர்வை கொட்டுது, கை வெடவெடன்னு நடுங்குது. "ஒக்காருங்க, ஏதாச்சும் வாயில போடுங்க"ன்னு கெஞ்சறேன். அவரு ஒரு கையால காவடியைப் புடிச்சிக்கினு இன்னொரு கையால போனை எடுத்து விரலை வெச்சாரு.

"பாரு, நூத்தி இருவத்தொண்ணு. நல்லாதான் கீது. விரதத்தைக் கெடுக்காத"ன்னு எரிஞ்சி விழுந்தாரு. பேச்சு குழறுது. இன்னும் கொஞ்சம் படி ஏறினதும் நின்னு என்னைத் திரும்பிப் பாத்து, "நீ யாரு?"ன்னு கேட்டாரு பாருங்க. கூட வாழ்ந்து பேரப்புள்ளையும் எடுத்தவளைப் பாத்து அப்படிக் கேட்டா எப்படி இருக்கும்? அந்தக் கூட்டத்துல வாய்விட்டு அழுதுட்டேன்.

சாமி பாத்துட்டுக் கீழ எறங்கிக்கினு இருந்த ஒரு புருஷன் பொண்டாட்டி என் அழுகையைக் கேட்டு நின்னாங்க. ஆந்திரா பக்கம், தெலுங்குக்காரங்க. அந்தம்மா இவரு கையைத் தொட்டுப் பாத்துச்சு. "சுகர் இருக்குதா?"ன்னு கேட்டுச்சு. ஆமான்னேன். "எறங்கிப்போச்சும்மா. எங்க நைனாவும் இப்படித்தான் ஆவாரு"ன்னு சொல்லிக்கினே பையில இருந்த பஞ்சாமிர்தத்தைத் தொறந்துச்சு. இவரு வாயை இறுக்கி மூடிக்கினாரு. பொண்டாட்டி யாருன்னு மறந்துபோச்சு, விரதம் மட்டும் மறக்கல!

அந்தம்மா கோவிச்சுக்கல. இவரு நெத்தியில விபூதி பூசி, "அண்ணா, இது சாப்பாடு இல்ல, பிரசாதம். சாமியே உனக்காக மேலேருந்து கொடுத்தனுப்பிச்சாரு. வேணாம்னு சொல்லலாமா?"ன்னுச்சு. அவ்ளோதான், சின்னப் புள்ள மாதிரி வாயைத் தொறந்தாரு. கொஞ்சம் கொஞ்சமா வழிச்சி நாக்குல வெச்சு, முழுங்கறாரான்னு பாத்துப் பாத்து ஊட்டிச்சு. அதுக்குள்ள அவங்க வீட்டுக்காரர் காவடியைத் தன் தோள்ல வாங்கிக்கினாரு. "நீங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க. உங்க காவடியை நான் செலுத்திட்டு வரேன்"னு, எறங்கி வந்த படியில மறுபடி ஏறிப் போனாரு. பேரு கூடக் கேக்கல நான். கேக்கற நிலைமையில இல்ல.

வழியில இருந்த மருத்துவ முகாம்ல விரல்ல குத்திப் பாத்தாங்க. அவ்ளோ பஞ்சாமிர்தம் உள்ள போயும் சுகர் அறுவதைத் தொடல. ஆம்புலன்ஸ்ல ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாங்க. குளுக்கோஸ் ஏறினதும்தான் என்னை அடையாளம் தெரிஞ்சுது. "ஏன் அழுவற?"ன்னு கேட்டாரு. ரெண்டு அறை விடலாமான்னு வந்துச்சு எனக்கு.

டாக்டரம்மா சின்ன வயசுதான். நடந்ததைக் கேட்டுட்டு போனை வாங்கினாங்க. என் பையில அர்ச்சனைக்கு வெச்சிருந்த வாழைப்பழம் ஒண்ணை எடுத்துக் காமிரா மேல வெச்சாங்க. நூத்திப் பதினெட்டு. இவரு விடாம, "பழத்துல சர்க்கரை இருக்கும்ல டாக்டர்?"ன்னாரு. அவங்க போனைச் செவுத்துல அழுத்தினாங்க. நூத்தி இருவத்துரெண்டு.

"ஒடம்பை அளக்கறேன்னு சொல்ற எதுவா இருந்தாலும், மெஷினோ ஆப்போ, பரிசோதிச்சு அரசாங்க அனுமதி வாங்கணும்மா. இதை யாரு பரிசோதிச்சாங்க?"ன்னு கேட்டுக்கினே அந்த ஆப்புல கீழ கீழ தள்ளிக்கினு போனாங்க. கடைசியில எறும்பு மாதிரி எழுத்துல, இது மருத்துவத்துக்கு இல்ல, பொழுதுபோக்குக்கு மட்டும்னு இங்கிலீஷ்ல போட்டிருந்துச்சாம். ஆசை காட்டறது தமிழ்ல பெருசா, தப்பிச்சிக்கறது இங்கிலீஷ்ல சின்னதா! வயிறு எரிஞ்சுது எனக்கு.

மகளை விட்டு அந்த ஆப்பு மேல புகார் எழுத வெச்சேன். கொஞ்ச நாள்ல அது காணாமப்போச்சு. அப்பாடான்னு இருந்தேன். அப்புறம் பாத்தா, வேற பேர்ல, வேற கலர்ல அதே மாதிரி இன்னொண்ணு வந்து நிக்குது. கீழ நெறைய பேரு நல்லா இருக்குதுன்னு எழுதியிருக்காங்க. அதுல எத்தினி பேரு மாத்திரை போடறவங்களோ, யாரு அதை நம்பி எந்த மலை ஏறுவாங்களோன்னு நெனைச்சா மனசு பதறுது.

இதைத் தடுக்க வேண்டியவங்க தடுக்கட்டும். அது வரைக்கும் ஆர்.கே.பேட்டை பஸ்ல ஆகட்டும், கல்யாண வீட்டுல ஆகட்டும், யாராச்சும் காமிரா மேல விரலை வெச்சிப் பாத்தா, முன்ன பின்ன தெரியாதவங்களா இருந்தாலும் கிட்டப் போயி இந்தக் கதையைச் சொல்லிடறேன். சில பேரு மூஞ்சியைத் திருப்பிக்கறாங்க. பரவாயில்ல. அந்த ரெண்டு பேரும் நமக்கென்னன்னு படி எறங்கிப் போயிருந்தா, இன்னிக்கு என் நெத்தியில பொட்டு இருந்திருக்காது.