இருபத்து மூன்று குரல், ஒரு மாணவி

பழைய டேப்லெட், புரொஜெக்டர் என்று எதையாவது தோட்டப் பள்ளிகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க நினைக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நானும் ஒரு டேப்லெட்டோடு போனேன். என்னோடு படித்த சாந்தி, லுக்குட்டுக்கு உள்ளே ஒரு செம்பனைத் தோட்டப் பள்ளியில் ஆசிரியை. "ஒரு பிள்ளை தனியா வாயைத் தொறந்து படிக்கவே மாட்டேங்குதுடி, வந்து பாரு" என்று கூப்பிட்டிருந்தாள்.

சிரம்பானிலிருந்து லுக்குட் வரை பஸ், முக்கால் மணி நேரம். அங்கிருந்து ஒன்பது கிலோமீட்டர், வாடகைக் காருக்கு இருபது மலேசிய வெள்ளி. காலை ஒன்பது மணிக்கும் டிரைவர் விளக்கைப் போட்டுத்தான் ஓட்டினார், மரங்களுக்கு நடுவே அவ்வளவு இருட்டு. தொழிலாளர் லயத்து வீடுகளில் பாதிக்கு மேல் பூட்டிக் கிடந்தன. "ஆளுங்க எல்லாம் டவுனுக்குப் போய்ட்டாங்க லா. ஸ்கூல்ல மட்டும் பிள்ளைங்க சத்தம் குறையல. எங்கேருந்து வருதுங்கன்னே தெரியல," என்றார்.

கேட்டில் இறங்கும்போதே வாய்ப்பாடு கேட்டது. ஓரிரண்டு ரெண்டு, ஈரிரண்டு நாலு. பெரிய கூட்டம்தான் என்று சந்தோஷமாக வகுப்பை எட்டிப் பார்த்தேன். ஒரே ஒரு பெண்பிள்ளை நின்றுகொண்டிருந்தாள். சத்தம் சுவரில் மாட்டிய ஸ்பீக்கரிலிருந்து வந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, பொய் சொல்லவில்லை.

கோவிட் சமயத்தில் பிள்ளைகள் கைப்பேசியில் பதிந்து அனுப்பிய குரல்களைச் சாந்தி ஒன்றாகச் சேர்த்து வைத்திருக்கிறாள். இருபத்து மூன்று பேர். அந்தக் குடும்பங்கள் எல்லாம் போய்விட்டன. இரண்டாம் ஆண்டு வகுப்பில் இப்போது இந்தத் தாரணி மட்டும்தான். தனியாகச் சொல்லக் கூச்சப்படுகிறாளே என்று இந்தக் கூட்டத்தைத் துணைக்கு ஓடவிடுகிறாள்.

"இப்ப கவின் இருமுவான்," என்று தாரணி என்னிடம் கிசுகிசுத்தாள். இருமல் கேட்டது. கவினை அவள் பார்த்ததே இல்லையாம்.

"அடுத்த மாசம் சிரம்பானுக்குப் போறா. அங்க ஒரு கிளாஸ்ல முப்பது பேரு. வாயைத் தொறக்கலன்னா மூலையில உக்கார வெச்சிருவாங்க," என்றாள் சாந்தி.

ஸ்பீக்கரை நிறுத்தினேன். தாரணியின் உதடு மட்டும் நிற்காமல் அசைந்துகொண்டிருந்தது. டேப்லெட்டில் படம், விளையாட்டு என்று என்னென்னவோ காட்டிப் பார்த்தேன். ஊகும்.

கடைசியில் அவளே மெல்லக் கேட்டாள். "நான் போய்ட்டா இவங்க தனியா இருப்பாங்களா டீச்சர்?"

"உன் குரலையும் இவங்களோட விட்டுட்டுப் போறியா?" என்று நான் கேட்டேன். சாந்தி கைப்பேசியில் பதியத் தொடங்கினாள். தாரணி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, வாய்ப்பாட்டை இருபது வரைக்கும் கணீரென்று சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மதியம் சாந்தி அதையும் சேர்த்து ஓடவிட்டாள். தாரணி வாயை மூடிக்கொண்டு என் பக்கத்தில் வராந்தாவில் நின்றாள். காலியான வகுப்புக்குள்ளிருந்து அவள் குரல் வாய்ப்பாடு சொன்னது. "நான் நல்லா சொல்றேன்ல ஆன்ட்டி?" என்றாள்.

போகிறவர்களுக்கு: உள்ளே இன்டர்நெட் லைன் கிடைக்காது, எல்லாவற்றையும் முன்கூட்டியே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். திரும்பி வர டிரைவரின் நம்பரை வாங்கி வையுங்கள். டேப்லெட்டை நீட்டுவதற்கு முன்னால் பிள்ளைக்கு என்ன கவலை என்று கேளுங்கள். நான் கேட்காமல் அரை மணி நேரத்தை வீணாக்கினேன்.

தாரணி போன பிறகு அந்த வகுப்பில் யாரும் இருக்கப்போவதில்லை. ஸ்பீக்கரை வேறு பள்ளிக்குக் கொடுத்துவிடலாமே என்று கிளம்பும்போது சொன்னேன்.

"எப்படிடி கழட்டுறது? இப்ப அவளும் உள்ள இருக்கா," என்றாள் சாந்தி.